மாதந்தோறும் ஒரு சிறு கொடை

பொது நன்மைக்கென்று ஆண்டுக்கொரு முறை ஒரு தொகையை ஒதுக்குவது கூட்டுறவாளருக்குப் புதிய செய்தியன்று. 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமே இதற்கு வழி வைத்திருந்தது. நிகர லாபத்தில் கால்பங்கைச் சேமநிதிக்கு எடுத்து வைத்த பின்னர், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் அனுமதியோடு தருமகாரியங்களுக்குக் கொடுக்கலாம் என்றது அச்சட்டம். ஏற்பாடு நல்லதே. ஆயினும் லாபமில்லாத ஆண்டில் தருமமும் இல்லாமற் போகிறது. லாபமுள்ள ஆண்டிலோ ஒரே தொகைக்குப் பத்துத் தெருக்கள் போட்டியிடுகின்றன. கிடைக்காத ஒன்பது தெருக்களும் அடுத்த மகாசபை வரை முகம் திருப்பிக்கொண்டிருக்கின்றன. மகாசபையில் எழும் கட்சிகள் பலவற்றுக்கு இதுவே வித்து.

ஆண்டுக்கொரு பெருந்தொகையினும் மாதத்துக்கொரு சிறுதொகை மேல் என்பது என் கருத்து. அதுவும் லாபத்திலிருந்து அன்றி, அங்கத்தினர் கையிலிருந்தே வருமாயின் மிக மேல்.

இவ்வாறு செய்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 2009-ஆம் ஆண்டு ‘ஆசம் பவுண்டேஷன்’ என்னும் அமைப்பு தொடங்கியது. பத்துப் பேர் மாதந்தோறும் ஆளுக்கு நூறு டாலர் போடுகின்றனர். சேரும் ஆயிரம் டாலரை, வந்த மனுக்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்துவிடுகின்றனர். வட்டியில்லை, பங்கில்லை, திருப்பித் தர வேண்டுவதுமில்லை. தொடக்கத்தில் அவர்கள் பணம் கொடுத்த பணிகளுள் ஒன்று, பொதுவிடத்தில் பலர் சேர்ந்து அமரவும் படுக்கவும் தக்க பெரியதொரு வலைத்தூளி. நம் பெரியவர்கள் இதற்கா பணம் என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். பிற நகரங்களிலும் இம்முறை பரவியது. அந்தந்த ஊர்க் குழு தன் பணத்தைத் தானே சேர்த்துத் தானே கொடுக்கிறது.

என் மனத்துக்கு உகந்தது இதுவன்று. டெட்ராய்ட் நகரத்தில் 2010-இல் தோன்றிய ‘டெட்ராய்ட் சூப்’ என்னும் கூட்டமே. அந்நகரத்தின் நிலையை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும். 1950-இல் பதினெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மோட்டார்த் தொழில் நகரம் அது. 2010-இல் ஏழு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே எஞ்சினர். 2013-இல் நகராட்சியே நொடித்து நீதிமன்றத்தை நாடியது. தெருவிளக்குகளில் பல எரியவில்லை. அத்தகைய ஊரில், வாசலில் ஐந்து டாலர் கொடுத்து உள்ளே வந்தவர்க்குச் சூப்பும் காய்கறிக் கலவையும் ரொட்டியும் கிடைத்தன. அவற்றோடு ஒரு வாக்கும் கிடைத்தது. நால்வர் எழுந்து ஆளுக்கு நான்கு நிமிடம் தத்தம் பணியை விளக்குவர். பிறகு எல்லோரும் உண்டபடியே பேசி வாக்களிப்பர். வென்றவர் அன்றைய வாசல் வசூல் முழுவதையும் கொண்டு போவார். பின்னொரு கூட்டத்துக்கு வந்து பணி எம்மட்டில் நிற்கிறது என்று சொல்லுவார்.

பாஸ்டனில் முடிவு பத்துப் பேரிடம். டெட்ராய்ட்டில் உண்ண வந்த அனைவரிடமும். பங்கு ஒன்று வைத்திருப்பவர்க்கும் நூறு வைத்திருப்பவர்க்கும் ஒரே வாக்கு என்ற கொள்கையில் வளர்ந்த நமக்கு எது உறவு என்று சொல்ல வேண்டுமா? 1844-இல் ராச்டேலில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். ஆளுக்கொரு வாக்கு என்பது அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற சொத்து.

சிறுகச் சேர்த்துப் பொதுக்காரியம் செய்வதும் நமக்கு அந்நியமன்று. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியால் வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அதுவே.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். இருநூறு அங்கத்தினர் மாதம் பத்து ரூபாய் போட்டால் இரண்டாயிரம் ரூபாய். இதனால் பாலம் கட்ட முடியாது. பாவடியில் சாய்ந்த கல்லை நிமிர்த்தலாம். விடியுமுன் பாவு நீட்டுவோர்க்கு ஒரு விளக்குப் போடலாம். களத்துமேட்டில் பெயர்ந்த இடத்தைப் பூசலாம். மதகுக்குப் புதுப்பலகை வைக்கலாம். இவை எவராலும் பெரிதாகக் கருதப்படாமையாலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பவை. மாதக்கொடையின் நயம் இதில்தான் உள்ளது. இம்மாதம் தோற்றவர் அடுத்த மாதம் வரலாம். தவறான பணிக்குக் கொடுத்துவிட்டாலும் இழப்பு ஒரு மாத வசூலே.

கூலியில் சேமிப்புக்கென்று ஏற்கெனவே பிடித்தம் இருக்க, இன்னுமொரு பிடித்தமா என்று தறிக்காரர் கேட்பது நியாயம். ஆதலால் இதனைச் சங்கக் கணக்கோடு சேர்க்கலாகாது, கட்டாயமும் கூடாது. இயன்றவர் உண்டியலில் போடட்டும். போடாதவர்க்கும் வாக்கு இருக்கட்டும். இவ்வொன்றில் டெட்ராய்ட்டாரோடும் நான் மாறுபடுகிறேன். ஒரு மாதம் பாவு கிடைக்காமல் தறி நின்ற வீட்டாரை வாசலில் நிறுத்துவது நம் சங்கத்துக்கு அழகன்று.

வேறோர் இடர் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. நான்கு நிமிடம் நாவன்மையோடு பேசுகிறவரே என்றும் வெல்வார். தார் சுற்றும் அம்மாள் எழுந்து பேசமாட்டார். பெரிய தெருவின் வாக்கு சிறிய தெருவை விழுங்கிவிடும். இதற்கு மருந்து நம் வீடுகளிலேயே இருக்கிறது: குலுக்கல் சீட்டு. மூன்று மாதம் வாக்கெடுப்பு, நான்காம் மாதம் குலுக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு விரித்துரைக்கும் குடவோலையும் பலர் நினைப்பதுபோல் வாக்கெடுப்பன்று. குடத்திலிட்ட ஓலைகளில் ஒன்றைச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறையே. பேசத் தெரியாதவர் தம் பணியை ஒரு தாளில் எழுதிவித்துக் குடத்தில் இட்டால் போதும்.

கணக்கு வேண்டுமா என்றால், வேண்டும். மூன்று படிகளில் ரசீது கேட்கும் கணக்கன்று. பணம் பெற்றவர் அடுத்த மாதம் சபைமுன் நின்று, வாங்கியது இவ்வளவு, செலவானது இவ்வளவு என்று வாயால் சொன்னாற் போதும். விளக்கு எரிகிறதா என்பதைத் தெருவே பார்த்துக்கொள்ளும். உபயம் இன்னார் என்ற பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம். அப்பலகை எழுதும் கூலிக்கு இன்னொரு விளக்கு வாங்கலாம்.