கம்பெனி கொடுத்த போன் யாருடையது?

புதிதாக வேலையில் சேர்பவருக்கு லேப்டாப்போடு ஒரு ஆண்ட்ராய்டு போனும் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்? பெட்டியைப் பிரித்ததும் ஐ.டி. பிரிவுக்காரர் அதை வாங்கி, வரவேற்புத் திரையில் ஆறு முறை தட்டுவார். கேமரா திறக்கும். ஒரு க்யூ.ஆர். கோடைக் காட்டுவார். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் மெயில், காலண்டர், வைஃபை எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஊழியரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த ஆறு தட்டில் என்ன முடிவானது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பிரச்சினையே அங்கேதான்.

எம்.டி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்' ஒன்றும் புது சமாசாரம் இல்லை. பிளாக்பெரி காலத்திலேயே கம்பெனி சர்வரில் இருந்தபடி போனைப் பூட்டவும் அழிக்கவும் முடிந்தது. 2010இல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 4, ஆண்ட்ராய்டு 2.2 இரண்டிலும் இதற்கு வழி வந்தபிறகு மற்ற போன்களுக்கும் பரவியது. கம்பெனிகளுக்கு இது தேவைதான். பஸ்ஸில் தொலைந்த ஒரு போனில் ஆயிரம் வாடிக்கையாளர்களின் விவரம் இருக்கலாம். வேலையை விட்டுப் போனவரின் போனில் ஆபீஸ் மெயில் வந்துகொண்டே இருக்கக் கூடாது. சரி, வைத்துக்கொள்ளட்டும். எப்படி வைப்பது என்பதில்தான் வம்பு.

ஆண்ட்ராய்டில் முக்கியமாக இரண்டு முறைகள். ஒன்று, போன் முழுவதும் கம்பெனியின் பிடியில் இருப்பது. போனில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்பது தெரியும், ஜி.பி.எஸ்.ஸை அணைக்க முடியாதபடி பூட்டலாம். இன்னொன்று, 'ஒர்க் புரொஃபைல்'. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5இலிருந்து இருக்கிறது. ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பியதுபோல வேலைக்கு ஒரு பக்கம், சொந்தத்துக்கு ஒரு பக்கம். வேலைச் செயலிகளின் ஓரத்தில் குட்டியாக ஒரு ப்ரீஃப்கேஸ் படம் இருக்கும். ஆபீஸ் முடிந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்திவைக்கலாம். கம்பெனி வாங்கிய போனிலும் இந்தச் சுவரை 2020இல் ஆண்ட்ராய்டு 11 கெட்டிப்படுத்தியது.

இரண்டில் எது என்பது முதல் நாளே முடிவாகிறது. முழுப் பிடியில் ஏற்றிய போனை ஒர்க் புரொஃபைலுக்கு மாற்ற வேண்டுமென்றால் ஃபேக்டரி ரீசெட்தான். ஆறு மாதம் கழித்து ஒருவர் "சார், இது சரிப்படலை" என்று போய் நின்றால், நூறு போனைத் திரும்ப வாங்கி அழித்து மறுபடி ஏற்ற எந்த ஐ.டி. பிரிவு முன்வரும்?

கேன்டீனில் இதைப் பற்றி உலவும் கதைகள் தனி ரகம். "வாட்ஸப் எல்லாம் எச்.ஆர். படிக்கிறாங்களாம்" என்பார்கள். எம்.டி.எம். வழியாக மட்டும் அது நடக்காது. சொந்த மெயில், எஸ்.எம்.எஸ்., அழைப்புப் பட்டியல், பிரவுசர் ஹிஸ்டரி எதையும் எம்.டி.எம். மூலம் எடுக்க ஐபோனில் ஆப்பிள் வழி வைக்கவில்லை. ஆனால் "நாங்க எதையும் பார்க்கிறதில்லை" என்று ஐ.டி. பிரிவு சொல்வதும் முழு உண்மை ஆகாது. முழுப் பிடியில் உள்ள போனில் கம்பெனி விரும்பிய வேறொரு செயலியை ஏற்றலாம். இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாகத் திருப்பலாம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். செயலிப் பட்டியலே ஒருவரின் கதையைச் சொல்லிவிடும். கல்யாண வரன் பார்க்கும் செயலி, சர்க்கரை அளவைக் குறித்துவைக்கும் செயலி, வேறு வேலை தேடும் செயலி (இது மேனேஜர் கண்ணில் பட்டால் போதும்!)...

அடுத்தது, இருப்பிடம். 2015இல் கலிபோர்னியாவில் ஒரு பெண் விற்பனை அதிகாரி வழக்குப் போட்டார். கம்பெனி போனில் ஏற்றச் சொன்ன செயலி 24 மணி நேரமும் தன்னைப் பின்தொடர்ந்தது, அதை நீக்கியதும் வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்பது புகார். கைதியின் காலில் மாட்டும் கருவியோடு அதை ஒப்பிட்டிருந்தார். வேலை நேரத்தில் கண்காணிப்பதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தனிச் செயலி பற்றிய வழக்குதான். ஆனாலும் நம்மூரில் பையைத் தூக்கிக்கொண்டு அலையும் மெடிக்கல் ரெப்புக்கும் அதே கேள்வி உண்டு. டாக்டரைப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போனார், எந்த ஆஸ்பத்திரியில் காத்திருந்தார் என்பதெல்லாம் எதற்கு?

சட்டம் காப்பாற்றுமா என்றால், பாதிதான். 2023இல் இந்தியாவில் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும்போது அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்க வழி தர வேண்டும் என்கிறது. தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரியங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் சம்மதமே வேண்டாம் என்று கதவைத் திறந்துவிடுகிறது. சம்மதம் கேட்காதபோது தமிழில் அறிவிப்பு எங்கிருந்து வரும்? கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2022 அக்டோபர் 11இலிருந்து, 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் மின்னணுக் கண்காணிப்பு பற்றி எழுத்தில் கொள்கை வைத்து ஊழியர்களிடம் கொடுக்க வேண்டும். அது கண்காணிப்பைத் தடுக்கவில்லை. ஆனால் சொல்லாமல் செய்ய முடியாது.

இங்கே சட்டம் கேட்காவிட்டாலும் கம்பெனிகள் அதைச் செய்யலாம், காசா பணமா? ஆறு தட்டுக்கு முன்னால் ஒரு பக்கத் தாள், ஊழியருக்குப் படிக்க வரும் மொழியில். எதைப் பார்ப்போம், இருப்பிடத்தை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை எடுப்போம், எப்போது அழிப்போம். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றும். சொந்தப் போனில் உள்ள ஒர்க் புரொஃபைலை அழித்தால் வேலைப் பக்கம் மட்டும்தான் போகும். கம்பெனி போனிலோ, சுவர் இருந்தாலும், முழுப் போனையும் அழிக்கும் பொத்தான் கம்பெனியிடம் இருக்கிறது. ராஜினாமா கொடுத்த அன்று மாலையே அதை அமுக்கினால் குழந்தையின் மூன்று வருடப் படங்களும் சேர்ந்து போகும். சொந்தப் படங்களை எடுத்துக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் என்று தாளில் எழுதிவைப்பதில் என்ன குறைந்துவிடும்?

"சொந்த விஷயத்துக்குச் சொந்தப் போன் வைத்துக்கொள்ளட்டுமே" என்று நிர்வாகம் சொல்லும். நியாயம்தான், கம்பெனி போனை ஆறு மணிக்கு மேஜை டிராயரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக விட்டால். இரவு பத்து மணிக்கும் அதில் கூப்பிடுவோம், எடுத்தாக வேண்டும் என்றால், அந்த போன் சாப்பாட்டு மேஜைக்கும் வரும், தலையணை ஓரத்துக்கும் வரும். அப்படிப்பட்ட போனில் ஒர்க் புரொஃபைலைத் தவிர வேறு எதை ஏற்றுவதும் அடாவடிதான்.