நூலகம் உண்டு, நூலகர் எங்கே?

கோவை காந்திபுரம் அருகே அனுப்பர்பாளையத்தில், தந்தை பெரியார் பெயரிலான நூலகத்துக்கும் அறிவியல் மையத்துக்கும் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரோட்டிலோ 2005 முதல் புத்தகத் திருவிழா நடந்துவருகிறது. இப்படி வாசிப்பைக் கொண்டாடும் கொங்கு மண்டலத்தில்கூட, அரசுப் பள்ளி நூலகம் என்பது பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்புதான். பாடவேளைகளுக்கும் பதிவேடுகளுக்கும் இடையே அவருக்கு நேரம் வாய்த்தால்தான் புத்தக அலமாரி திறக்கும்.

இந்நிலைக்குச் சட்டமே இடம் தருகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ்களும் கதைப் புத்தகங்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களையும் கோருகிறது. நூலகரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. நாட்டுக்கே முன்னோடியான 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், பெயருக்கேற்பப் பொது நூலகங்களுக்கானது.

நூலகர் ஆவதற்கான படிப்புக்குக் குறைவில்லை. பட்டப்படிப்புக்குப் பிறகு ஓராண்டில் நூலக அறிவியல் இளநிலைப் பட்டம் பெறலாம், தொலைநிலையிலும் படிக்கலாம். கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் நூலகர் பணியிடமும் அதற்கான கல்வித் தகுதியும் வரையறுக்கப்பட்டுள்ளன. மத்திய அரசு ஊழியரின் பிள்ளைக்குக் கிடைக்கும் இவ்வசதி, பக்கத்துத் தெருவில் அரசுப் பள்ளிக்குச் செல்லும் விசைத்தறித் தொழிலாளியின் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? வீட்டில் புத்தகம் இல்லாத அந்தப் பிள்ளைக்கல்லவா பள்ளி நூலகம் அதிகம் தேவை?

பணியிடம் மட்டும் போதாது. ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு உண்டு. வழக்கறிஞருக்குப் பதிவு வழங்கப் பார் கவுன்சில் உண்டு. நூலகருக்கு இந்தியாவில் அத்தகைய சட்டபூர்வ அமைப்பு ஏதுமில்லை. நூல்களை வகைப்படுத்துவதும் பட்டியலிடுவதும் நூலக அறிவியலின் அடிப்படை. ஆனால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பத்து வயதுக் குழந்தையிடம் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்பது தனிப் பயிற்சி. ஆஸ்திரேலியாவில் ஆசிரியர்-நூலகர் என்பவர் கற்பித்தல், நூலகவியல் இரண்டிலும் தகுதி பெற்றவர். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் பள்ளி நூலகருக்கு அரசின் சான்றிதழ் தேவை.

நிதிச்சுமை என்ற மறுப்பு நியாயமானதே. பள்ளிக்கு ஒருவரை உடனே நியமிக்க இயலாது. ஆனால், குறுவள மையத்துக்கு ஒரு நூலகரை நியமித்து, அவர் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு பள்ளிக்குச் செல்லுமாறு செய்யலாம். முதலில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நூலக அறிவியல் பட்டத்துடன் சிறார் வாசிப்பு குறித்த குறுகிய காலப் பயிற்சியையும் தகுதியாக்கி அரசாணை வெளியிடலாம். அப்பயிற்சியை வடிவமைக்கும் பொறுப்பைப் பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம்.

நூலகங்கள் எழுப்பக் கோடிகளை ஒதுக்கும் அரசுக்கு இது இயலாத செலவன்று. நாளை அந்த நூலகங்களுக்கு வரப்போகும் வாசகர்கள், இன்று இந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.