யாருக்குச் சுதந்திரம்? யார் மீது கட்டுப்பாடு?

சென்ற வாரம் தவளக்குப்பத்தில் விவசாயத் தொழிலாளர்களுடன் பேசிக் கொண்டிருந்தோம். பேச்சு பள்ளிக்கூடச் சம்பளத்தில் வந்து நின்றது. தனியார் பள்ளிகள் வாங்கும் கட்டணத்திற்குச் சர்க்கார் வரம்பு கட்ட வேண்டும் என்றோம். ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "அண்ணே, பள்ளிக்கூடம் அவர் சொத்து. பிள்ளையை அங்கே சேர்ப்பது என் இஷ்டம். நடுவில் சர்க்கார் ஏன் வர வேண்டும்? எல்லாவற்றிலும் அரசாங்கம் தலையிட்டால் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது?"

ஒதுக்கித் தள்ளக் கூடிய கேள்வியல்ல இது. தடியடியையும் தடை உத்தரவையும் கண்ட உழைப்பாளிக்கு அரசாங்கத்தின் கை நீண்டால் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அந்த இளைஞரிடம் நாம் திருப்பிக் கேட்க விரும்புவது ஒன்று: யாருடைய சுதந்திரம், தம்பி?

பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரி சவானா ஆலை வாசல் போதும். 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய தொழிலாளர்களைப் பிரெஞ்சு சர்க்காரின் சிப்பாய்கள் சுட்டனர். 12 பேர் மாண்டனர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய சர்க்கார்தான் அது! பிரான்சுத் தொழிலாளிக்கு 1884-லேயே கிடைத்த சங்க உரிமை, புதுச்சேரித் தொழிலாளிக்கு ரத்தம் சிந்திய பிறகுதான் கிடைத்தது.

வேலை நேரத்துக்கு வரம்பு கேட்ட இடமெல்லாம் முதலாளிகள் சொன்ன வாதம் ஒன்றே. "நான் கூலி தருகிறேன். இஷ்டமிருந்தால் வா, இல்லாவிட்டால் போ. இருவரும் சுதந்திர மனிதர்கள். நடுவில் சட்டம் எதற்கு?" கேட்க எவ்வளவு அழகு! ஒருவன் ஒரு மாதம் ஆலையை மூடினாலும் அவன் வீட்டில் அடுப்பு எரியும். மற்றவன் ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் பிள்ளைகள் பட்டினி. இந்த இருவருக்கும் இடையே செய்யும் ஒப்பந்தம் சுதந்திர ஒப்பந்தமா? 1937-ல் தொழிற்சங்க உரிமையும் வேலை நேர வரம்பும் இங்கே சட்டமாயின. அந்தச் சட்டம் முதலாளியைக் கட்டியது உண்மை. அந்தக் கட்டுதான் தொழிலாளிக்கு ஓய்வையும், மாலை நேரத்தையும், பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் பொழுதையும் கொடுத்தது.

இன்று புதுச்சேரியின் பழைய பஞ்சாலைகள் ஓய்ந்து கிடக்கின்றன. அந்த வாதம் மட்டும் ஓயவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. "தொழிலாளி விரும்பினால்தான், கட்டாயமில்லை" என்றார்கள். ஆலை வாசலில் தனியே நிற்கும் தொழிலாளியின் விருப்பம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாதா? சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே 1 அன்று மசோதாவை வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தனி ஆளாக நின்றபோது கிடைக்காத சுதந்திரம் கூடி நின்றபோது கிடைத்தது.

இப்போது பள்ளிக்கூடத்திற்கு வருவோம். 1911-ல் கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டு வந்தார். ஏழைப் பிள்ளைகள் படித்தால் வயலில் வேலைக்கு ஆள் ஏது என்று நிலப்பிரபுக்கள் அஞ்சினர். 1912-ல் மசோதா 38க்கு 13 என்ற வாக்கில் வீழ்ந்தது. கட்டாயம் ஒழிந்தது, மாடு மேய்க்கும் "சுதந்திரம்" மட்டும் பிள்ளைக்கு மிஞ்சியது! கல்வியை அடிப்படை உரிமையாக்கும் சட்டம் அமலுக்கு வர 2010 ஏப்ரல் 1 வரை நாடு காத்திருந்தது. அந்தச் சட்டப்படி தனியார் பள்ளியின் முதல் வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குரியது. நன்கொடை வாங்குவது குற்றம். பள்ளி முதலாளிகள் "தொழில் நடத்தும் சுதந்திரம் போயிற்று" என்று உச்ச நீதிமன்றம் ஏறினர். 2012-ல் மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டம் செல்லும் என்றனர். நிதியுதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் அப்போது விலக்கு கிடைத்தது.

பிள்ளையைச் சேர்ப்பது தம் இஷ்டம் என்றார் அந்த இளைஞர். நாற்று நட்டு வரும் கூலியில் கட்ட முடியாத கட்டணம் வாசலில் நிற்கும்போது, அந்த இஷ்டத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

அப்படியானால் சர்க்கார் போடும் கட்டுப்பாடு எல்லாம் நல்லதா? இல்லவே இல்லை. சவானாவில் சுட்டதும் "ஒழுங்கைக் காக்க" என்ற பெயரில்தான். 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி சர்க்கார் ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் தகப்பன் தொழில். ஜனங்களைக் கேளாமல் மேலிருந்து இறங்கிய திட்டம். பறையடிப்பவன் பிள்ளை பறையோடும், சிரைப்பவன் பிள்ளை கத்தியோடும் நிற்கட்டும் என்பதே அதன் பலன். மக்கள் கொதித்தெழுந்தனர். 1954-ல் காமராஜ் சர்க்கார் அதைக் கைவிட்டது. கோகலே கேட்டதும் கட்டுப்பாடு, ராஜாஜி கொடுத்ததும் கட்டுப்பாடு. முன்னது பிள்ளைக்குக் கதவைத் திறப்பது, பின்னது கதவைச் சாத்துவது.

ஆட்சியிலும் இதே அளவுகோல்தான். புதுச்சேரி சட்டசபைக்கு நாம் 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். மூவரை மத்திய சர்க்கார் நியமிக்கலாம். இங்குள்ள அமைச்சரவையின் சிபாரிசு தேவையில்லை, நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அந்த மூவர் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாதவர்கள் ஜனங்கள் அமைத்த ஆட்சியைக் கவிழ்க்கத் துணை நிற்கலாம் என்றால், அது சமுதாயத்தின் கட்டுப்பாடு அல்ல, சமுதாயத்தின் மீது வைத்த கட்டுப்பாடு.

ஆகவே எந்தச் சட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அது யாருடைய கையைக் கட்டுகிறது? யாருடைய கையை அவிழ்க்கிறது? அதை நடத்துபவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? வலுத்தவனைக் கட்டி எளியவனை நிமிர்த்தி, ஜனங்களுக்குப் பதில் சொல்லும் கட்டுப்பாடு சுதந்திரத்தின் எதிரியல்ல, அதன் காவல்.

தவளக்குப்பத்து இளைஞருக்கு நம் பதில் இதுதான். தனியே கோபப்பட்டுப் பயனில்லை. தெருத்தெருவாகப் பெற்றோரைக் கூட்டுவோம். சட்டம் சொன்ன நான்கில் ஒரு பங்கு இடம் எந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்று பள்ளியிடமும் கல்வித் துறையிடமும் எழுத்து மூலம் கேட்போம். அரசுப் பள்ளியில் வாத்தியார் இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கேட்போம். பதில் வரும் வரை விடாமல் கேட்போம்!