உருண்டோடும் பக்கங்கள்

ஏட்டுச் சுவடியைக் கையில் ஏந்தியவர்க்குப் படித்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதைக் கையே சொல்லிவிடும். அச்சு நூலும் அவ்வாறே. இணையப் பக்கத்திற்கோ கனமும் இல்லை, தடிமனும் இல்லை. அக்குறையை நிறைக்க வந்ததே திரையின் வலப்புறம் நின்ற உருள்பட்டை. அதனுள் இருக்கும் சிறு கட்டையின் நீளம் பக்கத்தின் அளவைக் கூறும். அது நிற்கும் இடம் நாம் நிற்கும் இடத்தைக் கூறும். இத்துணை எளிய, நேர்மையான கருவி கணிப்பொறி உலகில் வேறொன்று உண்டோ என ஐயுறுகிறேன்.

அதனைத்தான் அழகு கருதி மறைத்துவிட்டனர். ஆப்பிள் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'லயன்' இயங்குதளத்தில், உருட்டும்போது மட்டும் தோன்றிப் பின் மறைவதாயிற்று அப்பட்டை. கைப்பேசியில் அது முன்னரே மெல்லிய கோடாக இளைத்திருந்தது. கீழே இன்னும் செய்தி உண்டு என்னும் குறிப்பே இதனால் பலருக்குப் புலப்படாமற் போயிற்று.

மக்கள் உருட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று தொண்ணூறுகளில் கருதியோர் உண்டு. பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சனும் முதலில் அவ்வாறே கருதி, 1997-இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எனினும், பார்வை நேரத்தில் 80 விழுக்காடு முதல் திரையளவிலேயே கழிந்ததை அவருடைய நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. 2018-இல் அது 57 விழுக்காடாகக் குறைந்தது. மக்கள் உருட்டத்தான் செய்கின்றனர். ஆனால் உருட்டுவதற்குரிய காரணத்தை முதல் திரை தரவேண்டும்.

இதற்கு நேர்மாறான தீங்கு முடிவிலா உருட்டல். 2006-இல் இதனை வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பொழுதுபோக்குப் படங்களைப் பார்ப்பார்க்கு இது பொருந்தலாம் (பொழுது போய்விடுகிறது என்பது வேறு செய்தி!). ஒன்றைத் தேடி வந்தவர்க்கு இது வதை. பக்கத்தின் அடியில் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அவற்றை எட்டுமுன் புதிய செய்திகள் வந்து நிறைய, அடிப்பகுதி கானல்நீராய் விலகும். ஒரு செய்தியைத் திறந்து படித்துத் திரும்பினால், விட்ட இடமும் பல தளங்களில் கிட்டுவதில்லை.

இணைய அணுக்கத்திற்கென 2018-இல் வெளிவந்த உலகளாவிய நெறிமுறைகள், 320 படப்புள்ளி அகலமுள்ள சிறு திரையிலும் உரையைப் படிக்கப் பக்கவாட்டில் உருட்ட நேரக்கூடாது என்கின்றன. நீண்ட கூட்டுச்சொற்கள் நிறைந்த தமிழுக்கு இவ்விதி இன்றியமையாதது.

கல்லூரித் தளங்களையும் இக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கவிருக்கும் மகளுக்காக, சிற்றூர்த் தந்தை ஒருவர் கைப்பேசியில் தேடுவது நம் கட்டடங்களின் எழிலை அன்று. விண்ணப்பத்தின் இறுதி நாள், கட்டணம், அலுவலகத் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் முதல் திரையிலேயே நிற்கட்டும். விழாப் படங்களும் வாழ்த்துரைகளும் கீழே இறங்கட்டும்.