பனிக்கால முஸாபிர்கள்

சகோதரிகளே, சுபஹுத் தொழுகை முடிந்து அடுப்புப் பற்ற வைக்கும் நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் பற்றைக்குள்ளிருந்து யாரோ இரண்டு சுரத்தில் விசில் அடிப்பது போல் ஒரு சத்தம் கேட்டிருக்கிறீர்களா? மஃரிபுக்குச் சற்று முன்னர் அதே விசில் மறுபடியும் கேட்கும். பயப்பட வேண்டாம். அது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் அந்தப் பெயர். சிங்களச் சகோதரிகள் 'அவிச்சியா' என்பார்கள்.

மைனாவை விடச் சற்றுச் சிறியது, வால் கட்டை. முதுகு பச்சை, இறகில் நீலம், அடிவயிறு சிவப்பு, கண்ணோரம் சுர்மா தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. இவ்வளவு அழகு இருந்தும் கண்ணில் படுவது அரிது. காய்ந்த இலைகளுக்கிடையே தத்தித் தத்திப் புழு பூச்சி தேடும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபர் அளவில் நமது நாட்டுக்கு வந்து, ஏப்ரலில் திரும்பிவிடும்.

இப்படி வரும் முஸாபிர்கள் பண்டாரவளையைச் சுற்றி இன்னும் பலர். கானோரத்திலும் ஓடைக் கற்களிலும் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் சாம்பல் வாலாட்டி, தேயிலைத் தோட்டத்தில் உச்சிக் கிளையில் உட்கார்ந்து கத்தும் பழுப்புக் கீச்சான், மின்சாரக் கம்பியில் வரிசை கட்டும் தகைவிலான். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சின்னஞ்சிறு குருவி பனிக்காலத்தில் வரும். அதைக் காணவே வெளிநாட்டார் விமானம் ஏறி வருகிறார்கள். நாம் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்!

பறவை பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதலாம் திகதி புதுக் கொப்பி திறந்து, அந்த வருடம் முழுதும் கண்ட பறவைகளைக் குறித்து வருவார்கள். ஓர் இனத்துக்கு ஓர் இலக்கம்தான். காகமும் ஒன்று, மைனாவும் ஒன்று. வீட்டை விட்டு அதிகம் வெளியேற முடியாத பெண்களுக்கு இதைப் போலப் பொருத்தமான வேலை வேறில்லை. சமையலறை ஜன்னலே போதும். திகதி, இடம், எத்தனை பறவைகள், இந்த மூன்றையும் மறவாமல் எழுதுங்கள்.

எண்ணிக்கை எதற்கு என்று கேட்பீர்கள். புந்தலையைப் பாருங்கள். அம்பாந்தோட்டைக் கரையிலுள்ள அந்த ஈரநிலம் 1990ல் றம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் நாட்டிலிருந்து சேர்ந்த முதலாவது இடம் அதுதான். ஆயிரக்கணக்கான பூநாரைகள் பனிக்காலத்தில் அங்கே இறங்கி நின்ற காலம் இருந்தது. கிரிந்தி ஓயாத் திட்டம் வந்தபின் வயலில் பாய்ந்த நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் கலந்தது. உப்புத்தன்மை குறைந்து பூநாரையின் இரையும் குறைந்தது. 2000க்குப் பிறகு அவை அங்கே அரிதாகிவிட்டன. இது ஒரே நாளில் நடக்கவில்லை. யாரோ வருடா வருடம் எண்ணி எழுதியதால்தான் குறைந்தது தெரியவந்தது. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதும் இதற்காகவே.

லீவுக்குக் கதிர்காமம், கிரிந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். எல்ல, வெல்லவாய வழியாகத் திஸ்ஸமஹாராமவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். அங்கிருந்து யால போகும் வீதியில் பலட்டுப்பான உப்பளம் இருக்கிறது. காலையில் வீதியோரம் நின்றாலே உள்ளான்களைக் காணலாம். அவற்றில் மிகச் சிறியது கொசு உள்ளான். எடை 30 கிராமுக்குள்தான். வட துருவப் பக்கம் பிறந்த பறவை அது! சேற்றில் ஊசி குத்துவது போல அலகைக் குத்தி இரை தேடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கெட்டப்போலுடன் திரியும் மகன் வீட்டில் இருந்தால் அவனுக்குச் சாலிம் அலியின் கதையைச் சொல்லுங்கள். பம்பாயில் 1896ல் பிறந்து, பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். சிறு வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இதை உண்ணலாமா என்று சந்தேகம் வந்து மாமாவிடம் காட்ட, மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே அலுமாரி அலுமாரியாகப் பறவைகளைக் கண்ட பையன், 1987ல் மறையும்வரை அந்த ஆசையை விடவில்லை. அன்று "போடா, தூர எறி" என்று மாமா சொல்லியிருந்தால்?

இனி வீட்டுக் காரியம். முற்றத்தைக் கூட்டும்போது வேலியோரத்தில் ஒரு மூலைக்கு மட்டும் தும்புத்தடியைக் கொண்டு போகாதீர்கள். சருகு கிடக்கட்டும். ஆறுமணிக் குருவிக்கு அதுதான் சாப்பாட்டு மேசை. மருந்தும் அடிக்க வேண்டாம்.

ஒக்டோபரில் இராப்பயணம் செய்து களைத்த குருவி ஜன்னல் கண்ணாடியில் மோதியோ, வெளிச்சத்துக்கு வந்தோ வீட்டுக்குள் விழுவதுண்டு. முதலில் பூனையை அறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். பின் மெல்லிய துணியால் குருவியைப் பிடித்து, துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். இரக்கப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சு அடைத்துவிடும். பிள்ளைகள் நிமிடத்துக்கொரு தடவை திறந்து பார்க்கவும் விடாதீர்கள். விடிந்ததும் பற்றையோரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அது போனபின் கொப்பியில் திகதியைப் போடுங்கள்.