உழைப்புக்கு விலை சொல்லக் கற்பிப்போம்



"படிக்கலைன்னா கார் கழுவத்தான் போவ!" வகுப்பறையில் இதை ஒருமுறையேனும் சொல்லாத ஆசிரியர் நம்மிடையே உண்டா? வீட்டில் சொல்லாத பெற்றோர் உண்டா? நானும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்த என் மாணவன் ஒருவன் இன்று ஈப்போ புறநகரில் மகிழுந்துப் பராமரிப்புக் கடை நடத்துகிறான். அவனுக்கு நான் இழைத்த தவற்றைச் சொல்லவே இப்பதிவு.

என் மகிழுந்துக்குச் செராமிக் கோட்டிங் போட 380 ரிங்கிட் ஆகும் என்றான். "நம்ம பையன்தானே, 200-க்கு முடிச்சுக் கொடுப்பா" என்றேன். சற்றுத் தயங்கியவன், "சரிங்க சார்" என்றான். பெரிதாக எதையோ வென்றுவிட்ட களிப்போடு வீடு திரும்பினேன்.

அன்றிரவு ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்திற்கு ஆயத்தமானேன். அடக்க விலை, விற்ற விலை, இலாபம், நட்டம், கழிவு. அப்போதுதான் அவன் கணக்கையும் போட்டுப் பார்க்கத் தோன்றியது.

கோட்டிங் என்பது மருந்தைத் தடவித் துடைக்கும் வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் மருந்து பூசுவது கடைசிப் படி. முதலில் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் இரும்புத் துகளையும் தாரையும் கரைத்தெடுக்க வேண்டும். பிறகு கிளே எனப்படும் களிக்கட்டியால் சாயத்தின் மேற்பரப்பைத் தேய்க்க வேண்டும். அடுத்து, மெருகு இயந்திரத்தால் நுண்கீறல்களை நீக்க வேண்டும். சாயத்தின் மேலுள்ள தெளிபூச்சு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் தடிமன்தான். தலைமுடியை விட மெல்லியது. கைப்பக்குவம் தவறினால் அது தேய்ந்துபோகும். அந்தக் கதவுக்கே மறுசாயம் பூச நேரும். அந்தச் செலவு கடைக்காரன் தலையில்தான் விழும்.

என் மகிழுந்துக்கு இருவர் ஆளுக்கு 10 மணி நேரம் உழைத்தனர். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது, மணிக்கு 8.72 ரிங்கிட். 20 மணி நேரத்திற்கு 174.40. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் 13 விழுக்காட்டைச் சேர்த்தால் ஏறத்தாழ 197 ரிங்கிட். நான் கொடுப்பதாகச் சொன்னதோ 200! எஞ்சிய 3 ரிங்கிட்டில் அவன் மருந்து, மெருகு வட்டு, துணி, மின்சாரம், நீர், வாடகை அனைத்தையும் சமாளிக்க வேண்டும். அவனுடைய இலாபம் எங்கே? கழிவு கேட்டதாக நினைத்துக்கொண்டு அவன் கூலியையே அல்லவா கேட்டிருக்கிறேன்!

அவன் ஏன் மறுக்கவில்லை? இந்தக் கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை.

என் தாயார் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் சேகரித்து, தோளில் சுமந்துவந்து நிறுவைக்கு நிற்பார். எடை பார்த்து எழுதியவர் கிராணி. கூலியை முடிவு செய்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின் கூலிக்காகப் பேரம் பேச ஓர் அமைப்பு இருந்தது. ஆயினும், "என் உழைப்புக்கு இதுதான் விலை" என்று தனியொருவராக நின்று சொல்லும் வாய்ப்பு எம் பெற்றோருக்கு வாய்க்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விலைப்பட்டியல் எழுதும் இடத்திற்கு வந்திருக்கிறார்கள். அந்த விலையை முதலில் அடித்துக் குறைப்பவர்கள் யார்? நாம்தானே!

புதிய மகிழுந்து வாங்கும்போது, குளிரூட்டிய அறையில் விற்பனையாளர் சாயப் பாதுகாப்புக்கென்று ஆயிரக்கணக்கில் சேர்த்தாலும் மறுபேச்சின்றிக் கையெழுத்திடுகிறோம். நம் பிள்ளையின் கடையில் மட்டும் "நம்ம பையன்" உறவு நினைவுக்கு வருகிறது. உறவென்றால் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். கேட்டதைக் கொடுத்தால் போதாதா?

அப்படியானால் அவர்கள் கேட்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டியதில்லை. கடைக்காரத் தம்பிகளுக்கும் கடமை உண்டு. சில மாதங்களில் கரையும் மெழுகைப் பூசிவிட்டுக் கோட்டிங் என்று சொல்லாதீர்கள். "9எச்" என்பது பென்சில் கொண்டு செய்யும் கடினச் சோதனையின் அளவு. கல் பட்டாலும் கீறாது என்று அதற்குப் பொருளில்லை. கழுவுதல், மெருகேற்றல், பூச்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதிக் கொடுங்கள். பழைய வண்டிக்கு வேலை ஏன் கூடுகிறது என்பதை விளக்குங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஏமாற்று விளம்பரத்தைத் தடுக்கிறது. ஏமாந்தவர் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். நேர்மையான விலையே நிலைக்கும்.

ஆசிரிய நண்பர்களே, நாம் கரும்பலகையில் எழுதும் இலாப நட்டக் கணக்கில் பெரும்பாலும் பொருளை வாங்கி விற்பவர்தாம் வருகிறார். 5 ரிங்கிட்டுக்கு வாங்கி 7 ரிங்கிட்டுக்கு விற்றால் இலாபம் 2 ரிங்கிட். அவர் நின்ற நேரத்திற்குக் கூலி எங்கே? இனி ஒரு வரி சேர்ப்போம்: உழைத்த மணி நேரம், ஒரு மணி நேரக் கூலி. நாளை கடை வைக்கும் பிள்ளைக்கும், அந்தக் கடைக்கு வாடிக்கையாளராகப் போகும் பிள்ளைக்கும் இக்கணக்கு தேவை.

மறுநாள் வண்டியை எடுக்கச் சென்றபோது 380 ரிங்கிட்டையும் கொடுத்தேன். வாங்கத் தயங்கினான். "ரசீது எழுதுப்பா" என்றேன். தலைநிமிர்ந்து எழுதினான்.

பெற்றோரே, "கார் கழுவத்தான் போவாய்" என்ற மிரட்டலை இன்றோடு விட்டுவிடுவோம். எந்தத் தொழிலுக்குப் போனாலும் தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லத் தெரிந்த பிள்ளையை வளர்ப்போம்.