எழுதித் தராத விலை

வரிக் குறைப்பின் பலன் முழுவதும் வாடிக்கையாளருக்கே என்று கார் ஷோரூம்கள் விளம்பரம் செய்தன. புதிய கார் மட்டும் வாங்கியவர்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கப் போனவர்களின் கதை வேறு. குறைந்த வரியில் எவ்வளவு அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்று அரசும் கேட்கவில்லை, பத்திரிகைகளும் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களில் ஒருவன் என்பதால் நான் கேட்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56ஆவது கூட்டம், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் மிகாத பெட்ரோல் கார்களின் வரியை 18 சதவீதமாக்கியது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 28 சதவீத வரியும் அதன்மேல் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. வரி சேர்க்காத விலை 6 லட்சம் என்றால் முன்பு 7,74,000 ரூபாய், இப்போது 7,08,000. மிச்சம் 66,000. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம். விலை இறங்கியதால் அதிலும் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் குறையும். ஆக, சுமார் 74,500 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை.

என்னிடம் இருந்தது 2016இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். முதல் கை. ஓடியது 61,000 கிலோமீட்டர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு ஷோரூமில் அதற்கு 3,10,000 ரூபாய் மதிப்புச் சொன்னார்கள். சுதந்திர தின உரையில் பிரதமர் வரிச் சீர்திருத்தத்தை அறிவித்ததும், அவசரப்பட வேண்டாம் என்று காத்திருந்தேன். அக்டோபரில் மறுபடி போனேன். அதே ஷோரூம், அதே இளைஞர், அதே கார். இப்போது 2,55,000.

"என்ன தம்பி, ரெண்டு மாசத்துல ஐம்பத்தையாயிரம் இறங்கிடுச்சா?"

"புது வண்டி ரேட் இறங்கினா பழசும் இறங்கத்தானே சார் செய்யும். அதுபோக பழைய வண்டிக்கும் ஜி.எஸ்.டி. பதினெட்டு பெர்சென்ட் ஆக்கிட்டாங்க."

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. மாத இலக்கு அவர் கழுத்தை நெரிக்கிறது, கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்று பாதி உண்மை, மற்றது முழுப் பொய்.

புதிய காரின் விலை இறங்கியது எட்டரை சதவீதம். என் பழைய காரின் விலையை அவர்கள் இறக்கியது பதினேழே முக்கால் சதவீதம். பழையது புதியதைத் தொடர்ந்து இறங்கும் என்றால் அதே அளவு இறங்கட்டும். இரண்டு மடங்கு எதற்கு? ஜி.எஸ்.டி. சாக்கு இதைவிட மோசம். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய கவுன்சில் பழைய சிறிய கார்கள் மீதான வரியை 12 சதவீதத்திலிருந்து 18 ஆக்கியது உண்மைதான். அது 2025 ஜனவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. ஆகஸ்டில் எனக்கு 3,10,000 சொன்னபோதும் அதே 18தான் இருந்தது. மேலும், அந்த வரி காரின் விலை மீது விழுவதில்லை. வாங்கி விற்கும் வியாபாரியின் லாபத்தின் மீது மட்டுமே விழுகிறது. 2,55,000க்கு வாங்கி 3,05,000க்கு விற்றால் லாபம் 50,000. வரி உயர்வால் அவருக்குக் கூடுதல் சுமை 3,000 ரூபாய். மூவாயிரத்தைக் காட்டி ஐம்பத்தையாயிரத்தைக் கழிக்கிறார்கள்.

நான் விடாமல் பேசியதும் பழைய காரின் விலை 2,80,000க்கு ஏறியது. மகிழ்ந்துகொண்டே கொட்டேஷனைப் புரட்டினால், புதிய காரில் தருவதாகச் சொன்ன 15,000 ரூபாய்த் தள்ளுபடியைக் காணோம். அதைத் திரும்பக் கேட்டதும் பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு அக்சஸரீஸ் பேக்கேஜ் கட்டாயம் என்றார்கள். ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் புடைத்தது. புதிய காரின் விலை, பழைய காரின் விலை, கடன், இன்சூரன்ஸ் என்று அங்கே உண்மையில் நான்கு வியாபாரங்கள் நடக்கின்றன. நான்கையும் ஒன்றாகப் பிசைந்து, "மாசம் எவ்வளவு கட்டுவீங்க சார்?" என்ற ஒரே கேள்வியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் தோற்றுவிட்டார். தவணை மாதங்களை நீட்டினால் எந்தத் தொகையையும் சிறியதாகக் காட்டிவிடலாம்.

இந்த இடத்தில் நகைக்கடையை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக நண்பர்களிடம் நான் சொல்லிவரும் ஒப்பீடு இது. மதுரை தெற்காவணி மூல வீதியிலோ சென்னை தியாகராய நகரிலோ ஒரு குடும்பம் பழைய சங்கிலியைக் கொடுத்துப் புதியது வாங்குகிறது. அன்றைய கிராம் விலை கடைப் பலகையில் இருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அது தெரியும். பழைய சங்கிலியைக் கண் முன்னே நிறுக்கிறார்கள். கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழிவு என்று சொல்கிறார்கள். தரம் பார்க்க மெஷினில் வைக்கிறார்கள். பழைய நகைக்கு ஒரு கணக்கு, புதிய நகைக்கு ஒரு கணக்கு. புதியதின் சீட்டில் எடை, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று வரி வரியாக இருக்கும். என் அம்மா பள்ளிப் படிப்பை முடிக்காதவர். சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைப்பதற்காக அரை மணி நேரம் நின்று வாதாடுவார். பெரும்பாலும் குறைத்துவிட்டுத்தான் வருவார். எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வரி அவர் கையில் இருந்த சீட்டில் இருந்தது.

நகைக்கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. 22 கேரட் என்று சொல்லிக் குறைந்த தரத்தைத் தலையில் கட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் தாமாகத் திருந்தவில்லை, அரசு தலையிட்டது. 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாளக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்றார்கள். தொழில் அழிந்துவிடும் என்று அப்போதும் கூக்குரல் எழுந்தது. கடைகள் மூடவில்லை, அட்சய திருதியைக் கூட்டமும் குறையவில்லை. இரண்டு கிராம் தோட்டுக்கும் கூட அடையாளக் குறியீடு உண்டு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் விலையும் எடையும் அச்சிட வேண்டும். மூன்று லட்சம் ரூபாய்க் காரை எடுத்துக்கொள்ளும் ஷோரூமுக்கு மட்டும் எந்தச் சீட்டும் தேவையில்லையா?

என் காரை எப்படி மதிப்பிட்டார்கள் தெரியுமா? ஒருவர் வந்தார். சுற்றி நடந்தார். செல்போனில் படம் எடுத்தார். பானெட்டைத் திறந்து மூடினார், டயரைத் தடவிப் பார்த்தார். பத்து நிமிடம். பிறகு கண்ணாடி அறைக்குள் மேலாளரோடு பேசிவிட்டு ஒரு தொகையோடு வெளியே வந்தார். டயருக்கு எவ்வளவு கழித்தீர்கள், இடது கதவுக் கீறலுக்கு எவ்வளவு, சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருப்பதற்கு எவ்வளவு கூட்டினீர்கள் என்று கேட்டேன். "சிஸ்டம்ல வர்ற ரேட் சார்" என்றார். எழுதித் தரச் சொன்னேன். "அப்படி எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்ல சார்." இரண்டு நாள் கழித்து, 2,90,000 வரை பேசிப் பார்க்கிறேன் என்று அதே இளைஞரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. காரை நான் நகர்த்தக்கூட இல்லை. இரண்டே நாளில் சிஸ்டத்தின் மதிப்பு எப்படி மாறியது?

எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது கார் தயாரிக்கும் நிறுவனம் அறிவிக்கும் சலுகை. பழைய காரின் மதிப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் அதையும் சேர்த்து, "உங்க வண்டிக்கு மூணு லட்சம் தர்றோம்" என்பார்கள். பழைய காரை வெளியே விற்று, பெயர் மாற்றிய ஆர்.சி. நகலைக் காட்டினாலே போனஸ் தரும் நிறுவனங்களும் உண்டு. நாம் கேட்காதவரை இதை யாரும் சொல்வதில்லை. நோ கிளெய்ம் போனஸும் இப்படித்தான். ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காதவருக்குச் சேதக் காப்பீட்டு பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி காரைச் சேர்ந்ததல்ல, உரிமையாளரைச் சேர்ந்தது. புதிய காருக்கு எடுத்துச் செல்லலாம். எனக்குத் தந்த கொட்டேஷனில் இன்சூரன்ஸ் தொகை இருந்தது, இந்தத் தள்ளுபடி இல்லை. கேட்ட பிறகுதான் கணக்கில் ஏறியது. கேட்காமல் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர்?

விற்பனையாளர் தரப்பில் பதில்கள் தயாராக இருக்கின்றன. லாபம் மிகக் குறைவு என்கிறார்கள். செஸ் நீக்கப்பட்டதால் தங்கள் கணக்கில் இருந்த சுமார் 2,500 கோடி ரூபாய் வீணாகிறது என்று அவர்களது கூட்டமைப்பு முறையிட்டது. அது அரசோடு அவர்களுக்கு உள்ள வழக்கு. அதை என் பழைய காரின் விலையில் ஈடுகட்டுவதை ஏற்க முடியாது. விருப்பமில்லாவிட்டால் வெளியே விற்றுக்கொள்ளலாமே என்பது இன்னொரு வாதம். வெளியே போனால் புரோக்கர் இருக்கிறார், முன்பின் தெரியாதவர்கள் வீடு தேடி வருகிறார்கள், காசோலை திரும்பிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நம்பித்தான் இவர்களது விலை நிற்கிறது.

சட்டமும் நம் பக்கம் இல்லை. ஜி.எஸ்.டி. விதி 27இல் ஓர் உதாரணம் உண்டு. பழைய போனைக் கொடுத்து 20,000 ரூபாய்க்குப் புதிய போன் வாங்குகிறார் ஒருவர்; பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் விலை 24,000. வரிக்கான சந்தை மதிப்பு 24,000தான் என்கிறது அந்த விதி. கார் மாற்றுகிறவரும் அப்படித்தான் புதிய காரின் முழு விலைக்கும் வரி கட்டுகிறார். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டுமே விற்பனை வரி. 1958இலேயே சட்டம் போட்டு ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலைவிவரத் தாளை ஒட்டச் செய்த நாடு அது. இங்கே மாற்றப்படும் பொருளின் மதிப்பு வரிக் கணக்கில் குறுக்கே வராததால், அந்த மதிப்பு என்னவென்று சரிபார்க்கும் அக்கறை யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

இதையெல்லாம்விட என்னை உறங்கவிடாதது ஆர்.சி. விஷயம். காரை ஒப்படைக்கும் நாளில் படிவம் 29, 30 இரண்டிலும், வாங்குபவர் பெயர் காலியாக இருக்க, கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கார் எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார் என்று நமக்குத் தெரியாது. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் பெயர் நம்முடையது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. விபத்து நடப்பதற்குள் கார் பல கை மாறியிருந்தது. பெயர் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்றது நீதிமன்றம். 2025 நவம்பர் 10 அன்று தில்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறியதுதான். விசாரணை முதலில் போய் நின்றது அதை முன்பே விற்றுவிட்டவர்களின் வாசலில். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக மத்திய அரசு 2022 டிசம்பரிலேயே விதிகளைத் திருத்தியிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்பவர் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி கைக்கு வந்ததும் அதைப் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதுமுதல் பொறுப்பு அவருடையது. விதி அருமையானது. நான் போன மூன்று ஷோரூம்களில் ஒன்றிலும் அந்தப் பேச்சே எழவில்லை. காலிப் படிவத்தைத்தான் நீட்டினார்கள்.

கடைசியில் என் காரைச் செங்கல்பட்டில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு 3 லட்சத்துக்கு நேரடியாக விற்றேன். இருவரும் சேர்ந்து பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். எனக்கு நேரமும் வாய்ச்சண்டைக்குத் தெம்பும் இருந்தன. எல்லாருக்கும் அது வாய்க்காது.

ஷோரூம்களுக்கு வணிகச் சான்று வழங்குவது போக்குவரத்துத் துறை. அந்தச் சான்றின் நிபந்தனையாக ஒரே ஒரு தாளைத் தமிழக அரசு கட்டாயமாக்க வேண்டும். பழைய காரின் மதிப்பு, எதற்கு எவ்வளவு கழிவு, புதிய காரின் விலையும் தள்ளுபடியும், எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, காரைப் பெற்றுக்கொண்ட தகவல் பதிவு அதிகாரிக்குப் போன நாள் ஆகியவை அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஷோரூம் முத்திரையோடு, ஏழு நாள் செல்லுபடியாகும் தாள். அது கையில் இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த ஷோரூமுக்கு எடுத்துப் போவார். போட்டி தானாக வரும். பழைய கார் மாற்றத்தில் நடக்கும் ஏமாற்றில் பெரும்பகுதி ஒரே ஆண்டில் ஒழிந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சான்றைப் புதுப்பிக்க வரும் ஷோரூமிடம், இதுவரை எத்தனை பழைய கார்கள் எடுத்தீர்கள், அத்தனைக்கும் எழுதிக் கொடுத்த தாள்களின் நகல் எங்கே என்று அதிகாரி கேட்க வேண்டும். நகல் இல்லாதவர் அதன்பின் கார் விற்கக் கூடாது.